சீமைக்கு ஒருத்தி, திருவரங்குளத்துக்கு ஒருத்தி

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஒருவரை மேல்படிப்புக்குச் சீமைக்கு அனுப்பப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் நான் இரண்டு காரியங்கள் செய்தேன். தையற்காரரிடம் போய் ஒரு கம்பளிக் கோட்டுக்கு அளவு கொடுத்தேன். ரெஜினா மேரியோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டேன்.

சனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள், அதனால் அவர்கள் உடம்புக்கு என்ன வருகிறது என்று ஆராய்வது எங்கள் பிரிவின் வேலை. சென்னையில் அந்தப் பிரிவில் இருந்த பெண்கள் நானும் ரெஜினாவும்தான். நான் மூத்தவள். அவள் எனக்குப் பின்னால் வந்தவள், ஆவூர்ப் பக்கத்து வாத்தியார் மகள், என்னை ‘அக்கா அக்கா’ என்று சுற்றி வருபவள். அவள்மேல் குற்றம் சொல்ல ஒன்றும் கிடையாது. அதுவே எனக்குப் பெரிய எரிச்சல்.

அவள் சொந்தச் சீமையான புதுக்கோட்டைப் பக்கம் போய், திருவரங்குளத்துக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில் பல மாதம் உட்கார்ந்து, வீடு வீடாக உணவைத் தராசில் வைத்து நிறுத்து, குழந்தைகளின் கண்ணைப் பார்த்து ஓர் அறிக்கை எழுதியிருந்தாள். அந்த ஊரில் நெல்லுச் சோறு என்பது நாளும் கிழமையும் வந்தால்தான். மற்ற நாளெல்லாம் கேப்பைக் கூழும் வரகும். குழந்தைகளுக்கு வைட்டமின் போதாமல் மாலைக்கண் வந்திருக்கிறது. பொழுது சாய்ந்தால் கண் தெரிவதில்லை. இதுதான் சாரம். எங்கள் தலைவரான பெரிய டாக்டர் அதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுவதும் அதையே பேசிக்கொண்டிருந்தார்.

ஆனால் அவர் கறாரான மனிதர். ‘ஒருவர் நிறுத்ததை இன்னொருவர் நிறுத்துப் பார்க்காமல் வெளியே அனுப்ப மாட்டேன்’ என்றார். இரண்டு எடையும் ஒத்துப்போனால் அந்த ஊருக்குச் சர்க்காரிடமிருந்து பால் பவுடரும் மீன் எண்ணெயும் போகும், ரெஜினா கப்பலேறுவாள். ஒத்துப்போகாவிட்டால் அறிக்கை குப்பைக்கூடைக்கு. கப்பலில் அடுத்த ஆள் நான். இதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, ‘கமலா, நீ போய் வா’ என்று மட்டும் சொன்னார்.

ரெஜினா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, நம்ம ஊரு சனங்க ரொம்ப நல்லவங்க. உங்களைத் தாங்குவாங்க” என்றாள். தாங்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

என்னோடு தராசுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பியூன் ஏகாம்பரம் வந்தார். சைதாப்பேட்டைக்குத் தெற்கே அவருக்கு உலகம் கிடையாது. புதுக்கோட்டை போன வருஷம்வரை தனி சமஸ்தானம், ராஜா இருந்தார், அம்மன் காசு என்று தனிக் காசே இருந்தது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். “இன்னாம்மா, அப்போ இது ஃபாரின்னு சொல்லுங்க. நம்ம துட்டு அங்க செல்லுமா?” என்று ரயிலில் கேட்டுக்கொண்டே வந்தார். சமஸ்தானம் இப்போது நம்மோடு சேர்ந்துவிட்டது என்று எத்தனை சொல்லியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்கும் அது வெளிநாட்டுப் பயணமாகவே இருக்கட்டும் என்று பட்டது. ஆளுக்கு ஒரு வெளிநாடு வேண்டுமே.

புதுக்கோட்டையில் பிரயாணிகள் பங்களாவில் இறங்கினோம். ஊர் என்னவோ அழகாகத்தான் இருந்தது. கோடு போட்டு வரைந்ததுபோல் நேர் நேரான வீதிகள். சென்னையில் எங்கள் தெருவில் இரண்டு ரிக்‌ஷா எதிரெதிரே வந்தால் சண்டைதான். ராஜ வீதியில் ஒரு கிளப்புக் கடையில் இட்லி சாப்பிட்டோம். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிப் பழகிய எனக்கு அந்த இட்லி மல்லிகைப் பூ. முதலாளி நாங்கள் எங்கே போகிறோம் என்று விசாரித்தார். சொன்னேன்.

“அடடே, நம்ம ரெசினாம்மா இருந்த ஊரா? சௌக்கியமா இருக்காங்களா? இங்கிட்டு வந்தா இங்கதான் காப்பி குடிப்பாங்க” என்றார். இரண்டாவது இட்லியில் உப்பு அதிகம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் கரி பஸ். பெட்ரோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் பின்னால் அடுப்பை மாட்டிக்கொண்ட பஸ்கள் சென்னையில் மறையத் தொடங்கியிருந்தன. இங்கே இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடின. ஊர் எல்லை தாண்டியதும் அது நின்றது. கண்டக்டர், “எல்லாரும் எறங்கித் தள்ளுங்க. டாக்டரம்மா மட்டும் உக்காந்திருக்கட்டும்” என்றார். நான் டாக்டர் இல்லை. தராசுப் பெட்டியைப் பார்த்து அவர்களே கொடுத்த பட்டம் அது. மறுப்பு சொல்லாமல் உட்கார்ந்துகொண்டேன்.

பட்டுக்கோட்டைக்குப் போகிற ஒரு பெரியவர் தள்ளிக்கொண்டே, “தஞ்சாவூருச் சீமைக்காரன் யாராச்சும் இருந்தா முன்னால வாங்கப்பா. மூணு வேளையும் சோறு திங்கிறவன் நீங்கதான்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஏகாம்பரம் மட்டும் தன்னைத்தான் சொல்கிறார்களோ என்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

திருவரங்குளத்தில் இறங்கி, பழைய சிவன் கோயிலைத் தாண்டி, செம்மண் தடத்தில் நடந்து அந்த ஊரை அடைந்தோம். ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அவர்கள் வருத்தப்படுவார்கள். ஏன் என்று பிறகு தெரியும்.

தெருவில் கால் வைத்ததும் பெண்கள் கூடிவிட்டார்கள். முன்னால் நின்றவள் பஞ்சவர்ணம். முப்பது வயதிருக்கும், குரலில் அந்தத் தெருவையே நடத்துகிற அதிகாரம் இருந்தது. “டாக்டரம்மா வந்திருக்காக. பாயக் கொண்டாந்து போடு” என்று உத்தரவிட்டாள். எனக்குப் பாய் வேண்டாம் என்று சொல்லி, கொண்டுபோயிருந்த மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்தேன். செம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். கொதிக்க வைத்த தண்ணீர்தான் குடிக்க வேண்டும் என்பது எங்கள் பிரிவின் விதி. என் பிளாஸ்க்கைத் தட்டிக் காட்டினேன். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

பிறகு விசாரணை ஆரம்பித்தது. என்னைப் பற்றி இல்லை.

“அது எப்படி இருக்கு?”

“மெலிஞ்சு போச்சா?”

“அதுக்கு இருமல் வந்துச்சே, நின்னுருச்சா?”

“அது எப்ப வரும்?”

யாரைச் சொல்கிறார்கள் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. ‘அது’ ரெஜினா. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பரம சந்தோஷம். என்னைப் பற்றிப் பேசும்போது ‘அவுக’, ‘இவுக’, ‘வந்திருக்காக’. அவளை ‘அது’! ஆடு மாடுபோல! இத்தனை மாதம் இருந்தும் ஒரு மரியாதை சம்பாதிக்கவில்லையே என்று பரிதாபப்பட்டேன். பரிதாபப்படுவது அந்த நேரத்தில் மிகவும் சுகமாக இருந்தது.

அங்கே வீடுகளில் அடுப்பு எரிவது சாயங்காலத்தில்தான். இரவு ஆக்கியதில் மிச்சத்தை நீர் ஊற்றி வைத்து மறுநாள் பகலைத் தள்ளிவிடுவார்கள். ஆகவே சமைப்பதற்கு முன்னால் பிற்பகலில் போய், உலையில் போடப்போகிற பொருளைப் பச்சையாக நிறுத்துக்கொள்ள வேண்டும். நிறுத்ததும் அடுத்த வீடு. தெருவின் மேற்குக் கோடியில் பஞ்சவர்ணத்தின் வீடு. அங்கே தொடங்கினேன்.

முறத்தில் அரிசி கொண்டுவந்து வைத்தாள். நல்ல சம்பா அரிசி. கொஞ்சம் துவரம்பருப்பு. ஒரு முட்டை.

நான் முட்டையைப் பார்த்தேன். ஏகாம்பரமும் பார்த்தார். ரெஜினாவின் அறிக்கையில் அந்தத் தெரு முழுவதிலும் முட்டையே கிடையாது. இடுகிற முட்டையெல்லாம் சந்தைக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தாள்.

அடுத்த வீடு. சம்பா அரிசி, பருப்பு, முட்டை. அதற்கடுத்த வீடு. அதுவே. ஒவ்வொரு வீட்டிலும் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, விசிறியால் வீசி, “கொஞ்சம் பொறுங்க, எடுத்தாரேன்” என்று உள்ளே போய், சற்று நேரம் கழித்து முறத்தோடு வருவார்கள். எனக்கு மனசுக்குள் கப்பல் ஊதுகிற சத்தம் கேட்கத் தொடங்கியது. நெல்லுச் சோறு நாளும் கிழமையும்தானாம்! அனுதாபத்தில் அள்ளி விட்டிருக்கிறாள், சொந்த ஊர்ப் பாசம். பாசத்தால் ஆராய்ச்சி கெடும் என்று ஒரு வாக்கியம்கூட மனசில் எழுதிவிட்டேன்.

மறுநாளும் அப்படியே. அன்றைக்கு ஒரு வீட்டில் எனக்கு மோர் கொடுத்துக்கொண்டே ஒருத்தி, “ரெசினா எங்க வீட்டுல வந்து எலந்த வடை தின்னுச்சு, அந்த எடத்துலதான் குந்தும்” என்று சுவரோரம் காட்டினாள். என் நாற்காலியை அந்த இடத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டேன். மோரை பிளாஸ்க்கைக் காரணம் காட்டி மறுத்துவிட்டேன்.

திரும்பும்போது பஸ் வழக்கம்போல நின்று, எல்லோரும் தள்ளி, நான் மட்டும் உட்கார்ந்து, ஒருவழியாகப் புதுக்கோட்டை வந்தோம். நேரே தபாலாபீஸுக்குப் போனேன். ‘எடைகள் ஒத்துவரவில்லை, விவரம் நேரில்’ என்று பெரிய டாக்டருக்குத் தந்தி எழுதி நீட்டினேன். குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, “கம்பி அந்து கெடக்குங்க. நாளைக்கு வாங்க” என்றார். சென்னையாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். அன்றைய சந்தோஷத்தில் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் மற்ற தெருவுக்குப் போக வேண்டியது. ஆனால் ஒருமுறை நிறுத்த வீட்டை மறுபடி நிறுக்கலாமே, எண்ணிக்கை உறுதிப்படுமே என்று பழைய தெருவுக்கே போனேன். எல்லாம் உறுதிப்படுகிற உற்சாகம். பஞ்சவர்ணத்தின் வீட்டில் எடை எழுதும்போது என் பேனா ஒழுகியது. கை முழுக்க நீல மை. அந்தக் கையோடு முட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டேன். முட்டையில் என் கட்டைவிரல் ரேகை நீலமாகப் பதிந்துவிட்டது. “மன்னிச்சுக்க, அழுக்காக்கிட்டேன்” என்றேன். “ஓட்டுலதானங்க, உள்ள ஒண்ணும் ஆகாது” என்று வாங்கிக்கொண்டாள்.

பக்கத்து இரண்டு வீடுகளில் ஆள் இல்லை, வயலுக்குப் போயிருந்தார்கள். மூன்று வீடு தள்ளிப் போனேன். நாற்காலி, விசிறி, “கொஞ்சம் பொறுங்க.” முறம் வந்தது. அரிசி, பருப்பு, முட்டை. முட்டையில் நீலமாக என் கட்டைவிரல்.

ஏகாம்பரம்தான் முதலில் பேசினார். “அம்மா, இது நம்ம முட்டை மாதிரிக் கீதே.”

நான் நாற்காலியைவிட்டு எழுந்து, வீட்டுக்குள் புகுந்து, கொல்லைப்புறக் கதவைத் திறந்தேன். வேலியோரத்தில் பஞ்சவர்ணம் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு மேல்மூச்சு வாங்கியது. முறம் திரும்பி வருவதற்காகக் காத்திருந்தாள். இன்னும் பார்க்க வேண்டிய வீடு கிழக்கே இருந்ததே.

“என்ன பஞ்சவர்ணம் இது?”

“கோவிச்சுக்கிறாதீங்கம்மா.”

“மூன்று நாளாக ஒரே அரிசியா?”

“ஆமாங்க. மாரியம்மனுக்குப் பொங்க வைக்கத் தெருவே சேந்து எடுத்து வச்ச அரிசிங்க. ஆத்தாகிட்டக் கேட்டுக்கிட்டுத்தான் எடுத்தோம். ஒரு மணி கொறையாமத் திருப்பி வச்சிர்றோம்.”

“முட்டை?”

“அது என் கோழி இட்டதுங்க. அடைக்கு வச்சிருந்தேன்.”

எனக்கு முகம் சிவந்து போயிருக்க வேண்டும். மூன்று நாளாக ஒரு முறத்தின் பின்னால் தராசைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். நான் வாசல் வழியாகப் போக, அரிசி கொல்லை வழியாகப் போயிருக்கிறது. என்னை விசிறியது வெயிலுக்காக அல்ல, அரிசி வந்து சேருகிறவரை பிடித்து வைக்க. அப்போதும் எனக்கு ஒரு கேள்விதான் முக்கியமாகப் பட்டது.

“ரெஜினா வந்தபோதும் இப்படித்தான் செய்தீர்களா?”

பஞ்சவர்ணம் சிரித்துவிட்டாள். “அதுக்கிட்டயா? அது நேரா அடுப்படிக்கு வந்து குந்திக்கிட்டு, ‘பசிக்குது அக்கா, கூழு இருந்தா ஊத்து’ங்கும். அதுக்கிட்ட என்னத்தம்மா மறைக்கிறது? அது நம்ம புள்ள.”

“நான்?”

“நீங்க பெரியவுக. பாயில உக்கார மாட்டீங்க. எங்க வீட்டுத் தண்ணி ஒங்களுக்கு ஆகாது. ஒங்க முன்னால கூழுச் சட்டியக் கொண்டாந்து வச்சு நிறுங்கன்னு சொன்னா எங்களுக்கு மானம் போயிருமில்ல? பொண்ணு பாக்க வாரவுகளுக்கு நல்ல சீலையக் கட்டிக்கிட்டுத்தான நிப்போம்?”

அதுவரை எனக்கு ‘அது’ என்ற சொல் ஆடு மாட்டுக்கானது. வேலியோரத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அது எங்கள் வீட்டில் என் தங்கையை அம்மா கூப்பிடுகிற சொல் என்று ஞாபகம் வந்தது. என்னை அம்மா அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் மூத்தவள், எனக்குப் பொறுப்பு உண்டு, மரியாதை உண்டு. இங்கேயும் அதே கதை. அவளுக்குக் கூழ், எனக்கு ‘அவுக’. பொறாமையில் வயிறு எரியும் என்பார்கள். எனக்குக் கண்தான் எரிந்தது.

“இந்த எடையை நான் கொண்டுபோய்க் கொடுத்தால் உங்களுக்குப் பால் பவுடர் வராது, மீன் எண்ணெய் வராது. தெரியுமா?” என்று கத்தினேன்.

அவள் திகைத்துப்போனாள். “நல்லாச் சாப்பிடுற ஊருன்னாத்தான சர்க்காரு மதிச்சுச் செய்யும்னு நெனச்சோம். இல்லாத வீட்டுக்கு யாரும்மா செய்யிறா?”

தெருவுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். ஏகாம்பரம் தராசை மூடிக்கொண்டிருந்தார். என் மனசு வேறு கணக்குப் போட்டது. நான் நிறுத்தது எதுவும் பொய்யில்லை. என் கண் முன்னால் வைத்தார்கள், நிறுத்தேன். கொல்லைப்புறத்தை ஆராய்வது என் வேலையா? நீல முட்டையைப் பார்த்தது நானும் ஏகாம்பரமும். ஏகாம்பரத்துக்கு ஒரு நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுத்தால் போதும். நாளைக்குத் தந்திக் கம்பியைச் சரிசெய்துவிடுவார்கள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தெருவில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். ஒரு பெண்குழந்தை மட்டும் ஆட்டத்தில் இல்லை. சுவரில் ஒரு கையை வைத்து, தடவித் தடவி என் பக்கமாக வந்தது. பஞ்சவர்ணத்தின் மகள் சின்னப்பொண்ணு. பகலில் மான்குட்டிபோல ஓடியவள்தான். இப்போது என் நாற்காலிக் காலில் மோதி நின்றாள். கையை நீட்டி என் விரல்களைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். தராசுத் தட்டைத் துடைக்கிற ஸ்பிரிட்டின் வாசனை என் கையில் எப்போதும் இருக்கும். ரெஜினாவின் கையிலும் இருக்கும்.

“ரெசினாக்கா!” என்றாள். அடுத்த நொடி என் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். “எப்ப வந்தே? கண்ணுக்கு மீனெண்ணெ கொண்டாரேன்னியே, கொண்டாந்தியா?”

பஞ்சவர்ணம் ஓடிவந்து, “ஏய், அவுக டாக்டரம்மாடி, எறங்கு” என்று சொல்ல வாயெடுத்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அந்த ஊரில் என்னை ஒருவர் ‘நீ’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் இன்னொருத்தி பேரில். குழந்தையின் கண்கள் என் முகத்துக்கு நேராகத் திறந்திருந்தன, என்னைப் பார்க்கவில்லை. இறக்கிவிட எனக்கு மனசு வரவில்லை.

“வரும்” என்றேன். ரெஜினாவின் குரல் கொஞ்சம் மெல்லிசு. முடிந்தவரை மெல்லிசாகச் சொன்னேன்.

மறுநாள் நாற்காலியைப் பங்களாவிலேயே விட்டுவிட்டுப் போனேன். பஞ்சவர்ணத்தின் அடுப்படியில் தரையில் உட்கார்ந்து, எனக்கும் கூழ் வேண்டும் என்றேன். அவள் தயங்கி, பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் துலக்கி, அதில் ஊற்றி, ஒரு தட்டின்மேல் வைத்துக் கொடுத்தாள். சின்ன வெங்காயமும் மிளகாயும் தனியாக ஓர் இலையில்.

“ரெஜினாவுக்கும் செம்பிலா?”

“அதுக்கெதுக்குங்க செம்பு? சட்டியோட தூக்கிக் குடிக்கும்.”

கூழ் புளிப்பாக, குளிர்ச்சியாக, நன்றாகவே இருந்தது. நான் செம்பிலேயே குடித்தேன்.

அதன்பிறகு எந்த வீட்டிலும் என்னை விசிறவில்லை. கேப்பை மாவு, வரகு, வேலியோரத்துக் கீரை, சில வீடுகளில் அதுவும் இல்லை. எல்லா வீட்டையும் புதிதாக நிறுத்தேன். ரெஜினாவின் எடையும் என் எடையும் அக்கா தங்கைபோல ஒத்துப்போயின. எங்கேயாவது ஒரு தப்பு கிடைக்காதா என்று அவள் அறிக்கையை வரி வரியாகப் பார்த்தேன். ஒரு கீரையின் பெயரில் எழுத்துப் பிழை இருந்தது. அதைச் சிவப்பு மையில், நன்றாகத் தெரிகிற மாதிரி திருத்தினேன்.

தந்திக் கம்பியைச் சரிசெய்துவிட்டார்கள். ‘எடைகள் ஒத்துவருகின்றன’ என்று கொடுத்தேன். குமாஸ்தா, “அன்னைக்கு வேற மாதிரி எழுதியிருந்தீகளே” என்றார். அவருக்கு ஞாபகசக்தி தேவைக்குமேல் இருந்தது.

புறப்படுகிற அன்று பஞ்சவர்ணம் திருவரங்குளம் பஸ்வரை வந்தாள். சின்னப்பொண்ணும் வந்தாள்; பகலாகையால் என்னைத் தெரிந்துகொண்டு, அம்மாவின் சீலைக்குப் பின்னால் நின்று, ‘போயிட்டு வாங்க’ என்று மரியாதையாகச் சொன்னாள். பஞ்சவர்ணம் மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தாள். அவித்த முட்டை. ஓட்டில் என் கட்டைவிரல் மங்கலாகத் தெரிந்தது.

“ஒங்க மை பட்டதுலேருந்து கோழி இத ஒதுக்கித் தள்ளிருச்சுங்க. அவிச்சுட்டேன்” என்றாள்.

நான் கையை நீட்டினேன்.

“இத அதுக்கிட்டக் குடுத்துருங்க. எத்தன மாசம் எங்களோட கெடந்துச்சு, போறப்ப ஒண்ணும் குடுத்தனுப்பல.”

“எனக்கு ஒன்றும் இல்லையா?” என்று விளையாட்டாகக் கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“ஒங்களுக்கு இல்லாமயா? அம்மன் பொங்கலுக்கு வாங்க. எலை போட்டு, நெல்லுச் சோறு ஆக்கி, மரியாதையாச் செய்யிறோம்” என்றாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே கண்டக்டர் எல்லோரையும் இறங்கித் தள்ளச் சொன்னார். இந்தத் தடவை நானும் இறங்கித் தள்ளினேன். புடவையில் கரி அப்பியதுதான் மிச்சம்.

ரயிலில் துணி முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருச்சி தாண்டியதும் அவிழ்த்தேன். ஏகாம்பரம் பதறிப்போனார். “அம்மா, அது ரெஜினாம்மாவுக்குக் குடுத்தது.”

“தெரியும்” என்று ஓட்டை உரித்தேன். மை ஓடு வழியாக இறங்கி, வெள்ளைக்கருவில் ஒரு நீலப் புள்ளி விழுந்திருந்தது. அதையும் சேர்த்துச் சாப்பிட்டேன். ஏகாம்பரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரெஜினாவுக்கே இடம் கிடைத்தது. பெரிய டாக்டர் என்னைப் பாராட்டினார்; பாராட்டுக்கு எடை கிடையாது. பால் பவுடரும் மீன் எண்ணெயும் அடுத்த மழைக்கு முன்னால் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. என் கம்பளிக் கோட்டு தைத்து வந்தது. சென்னை வெயிலில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ரெஜினாவைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தாள். தோளில் மட்டும் கொஞ்சம் தொளதொளப்பு. மற்றபடி அவளுக்கென்றே தைத்ததுபோல இருந்தது.

“அக்கா, என்னைக் கேட்டாங்களா?” என்றாள்.

“கேட்டார்கள்.”

“ஒண்ணும் குடுத்து விடலையா?”

“இல்லை” என்றேன்.

அவள் முகம் வாடிப்போயிற்று. கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டு, “பாவம், அவங்ககிட்ட என்ன இருக்கு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவளைத் தேடி ஒரு குழந்தை வந்ததையும், ஆள் மாறி என் மடியில் ஏறி உட்கார்ந்ததையும் நான் அவளிடம் சொல்லவில்லை. கப்பல் அவளுக்குத்தான், கோட்டும் அவளுக்குத்தான். அந்தக் குழந்தையையும் கொடுத்தனுப்ப எனக்கு மனம் வரவில்லை.